இருட்டில் ஒரு வரவேற்புரை

பட்டறையின் மெயின் சுவிட்சை அணைத்தது நான்தான். இதில் சந்தேகத்தின் பலனை யாரும் எனக்குத் தர வேண்டாம். கையும் களவுமாக, சரியாகச் சொன்னால் கையும் சுவிட்சுமாகப் பிடிபட்டேன்.

திட்டம் என்னவோ அருமையான திட்டம்தான். என் திட்டங்கள் எல்லாமே ஆரம்பிக்கிற வரைக்கும் அருமையாகத்தான் இருக்கும். காலை வெளிச்சம் வராதபடி ஜன்னல்களைச் சாத்தியாயிற்று. விளக்கு அணையும். கூட்டம் மூச்சைப் பிடிக்கும். இருட்டைக் கிழித்துக்கொண்டு என் குரல் வரும். குரலுக்குப் பின்னாலேயே டார்ச் வெளிச்சம் போய் மணமக்கள் முகத்தில் விழும். ஊரார் கல்யாணங்களில் இதை எத்தனையோ முறை செய்து கைதட்டல் வாங்கியவன், சொந்த மகள் கல்யாண ஒத்திகையில் செய்யக்கூடாதா?

அணைத்தேன்.

"அன்பார்ந்த உறவினர்களே! ஆருயிர் நண்பர்களே!" என்று அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். டார்ச்சைத் தட்டினேன். எரியவில்லை. போகட்டும், குரல் இருக்கிறதே என்று தொடர்ந்தேன். "நீங்கள் ஆவலோடு எதிர்பார்த்திருக்கும் அந்தப் பொன்னான..."

டமார்.

பிறகு ஏதோ உருண்டு ஓடுகிற சத்தம். பிறகு மகளின் குரல்: "அப்பா! லைட்டைப் போடுங்க! ஐயோ, லைட்டைப் போடுங்கப்பா!"

போட்டேன். போடாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

சம்பந்தி தரையில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி ஒரு முழு டின் வார்னிஷ் குளமாக நின்றது. அவர் மடியில் ஒரு நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. சம்பந்தியம்மாவின் கைகள் மார்புக்கு நேரே, பாதிப் பேச்சில் நின்றிருந்தன. அவர் கண்ணில் தெரிந்தது கோபமில்லை, பயம். அதுதான் என்னைக் கொன்றது.

பழைய வாசகர்கள் இந்த இடத்தில் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வரலாம். புதிதாக வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு சின்னக் கதைச் சுருக்கம்.

நான் தொழில்முறை வாயாடி. கல்யாண வரவேற்புகளில் மைக் பிடித்து, கூட்டத்தைச் சிரிக்க வைத்து, யார் எப்போது மேடை ஏற வேண்டும், எப்போது சாப்பிடப் போக வேண்டும் என்று சொல்கிறவன். தொழில் வட்டத்தில் என் பெயரே 'மைக்கண்ணன்'. என் ஒரே மகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். கடைக்கு மூக்குக் கண்ணாடி மாற்ற வந்த ஒரு அம்மாவுக்குக் காது கேட்காது. அவரோடு பேசுவதற்காகச் சைகை கற்க ஆரம்பித்தவள், அந்த அம்மாவின் மகனிடம் போய்க் கற்று முடித்தாள். மாப்பிள்ளைக்குக் காது கேட்கும், வாய் பேசும், லிஃப்ட் ரிப்பேர் செய்வார். அவருடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது.

ஆகவே கல்யாணம் இப்படி என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள்: மண்டபம் கிடையாது, சம்பந்தியின் தச்சுப் பட்டறையில் நடக்கும். ஏனென்றால் அதன் தரை மரத்தரை. காலால் ஒரு தட்டுத் தட்டினால் அறை முழுக்கத் தெரியும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நாற்காலிகள் வரிசையாக இல்லாமல் வட்டமாக இருக்கும். ஒருவர் கையை இன்னொருவர் பார்க்க வேண்டுமே. மேஜையில் உயரமான பூச்சாடி கூடாது, பேச்சை மறைக்கும். சாப்பாட்டுக்குத் தனி நேரம். கையில் தட்டு இருந்தால் வாயடைத்த மாதிரி. உறுதிமொழியிலிருந்து வாழ்த்து வரைக்கும் எல்லாம் சைகையில்.

பாட்டு கிடையாது. மைக் கிடையாது.

வாழ்நாள் முழுக்க மழைக்கோட்டு விற்றவன் மகள், வெயில் காலமாகப் பார்த்துக் கல்யாணம் வைத்த கதை.

இனி, வார்னிஷுக்கு வருவோம்.

மாப்பிள்ளையும் நானும் சம்பந்தியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கினோம். மகள் மரத்தூளை அள்ளி அள்ளி வார்னிஷ் மேல் கொட்டினாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"நாலு பேர் பேசிட்டிருக்கோம். ஒருத்தர் பின்னாலேருந்து வந்து எல்லார் வாயையும் ஒரே நேரத்துல பொத்தினா எப்படிப்பா இருக்கும்?"

"ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டுமேன்னு..."

"யாருக்கு? உங்க பேச்சு எனக்கும் இவருக்கும்தான் கேட்டுச்சு. அவங்க ரெண்டு பேருக்கும் திடீர்னு உலகமே காணாம போச்சு. என்ன ஆச்சுன்னு கேக்கக்கூட முடியாது. கேக்க வெளிச்சம் வேணும்."

இருட்டில் பேசிய ஒரே ஆள் நான். கேட்கவேண்டியவர்கள் யாருக்கும் கேட்காத ஒரு வரவேற்புரை. என் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு தோல்வி கண்டதில்லை. முட்டை வீச்சு கூட ஒரு வகையில் பதில்தானே.

சம்பந்தி கையைத் துடைத்துக்கொண்டே என் தோளைத் தட்டினார். பரவாயில்லை என்று அர்த்தம். தோளில் வார்னிஷ் ஒட்டியது. மகள் பக்கம் திரும்பி ஏதோ வேகமாகக் கேட்டார். அவள் 'வேண்டாம்' என்று தலையாட்டினாள். அவர் கவிழ்ந்து கிடந்த நாற்காலியைக் காட்டி மறுபடி கேட்டார். அவள் மறுபடியும் தலையாட்டினாள்.

அவர்கள் பேச்சு எனக்குப் புரியாது. சைகை வகுப்புக்கு நானும் போனேன்தான். வாத்தியாரம்மா என் வலது கையைப் பார்த்துவிட்டு, "ஏன் சார் விரலை விரிக்க மாட்டேங்கறீங்க?" என்றார். அப்போதுதான் கவனித்தேன். பல வருஷமாக மைக் பிடித்துப் பிடித்து, சும்மா இருக்கும்போதும் என் கை எதையோ பிடித்த மாதிரியே மூடிக்கொள்கிறது. அந்தக் கையோடு என்ன சைகை செய்தாலும், ஐஸ்கிரீம் சாப்பிடுகிறவன் மாதிரியே இருந்தது.

நெருங்கிய குடும்பத்துக்கான நாற்காலிகளைச் சம்பந்தி தானே செய்திருந்தார். ஒவ்வொருவர் உயரத்துக்கும் ஏற்ற மாதிரி. எதற்கும் கைப்பிடி இல்லை; பேசும்போது முழங்கை இடிக்கக் கூடாதாம். மணமக்களுக்கு, சம்பந்தியம்மாவுக்கு, அவருக்கு என்று நாலும் உட்புற வட்டத்தில் அடுத்தடுத்து நின்றன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எண்ணத் தெரியாதவனுக்குக் கூடத் தெரியும், அதில் என்னுடையது இல்லை.

"எனக்கு எந்த நாற்காலிம்மா? மந்திரி நாற்காலின்னாக்கூடப் பரவாயில்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்" என்றேன், பல் தெரிய.

"பாத்துக்கலாம்ப்பா."

"மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க. கூரையில கொக்கி கிக்கி போட்டுத் தொங்கணுமா?"

மாப்பிள்ளை சிரித்தார். நல்ல பிள்ளை. எல்லாவற்றுக்கும் சிரிப்பார். "நீங்க வந்தாலே போதும் மாமா."

வந்தாலே போதும்! யாரிடம் நமக்கு எந்த வேலையும் இல்லையோ, அவர்களிடம் சொல்கிற வார்த்தை அது. நானே எத்தனை பேரிடம் மேடையிலிருந்து சொல்லியிருக்கிறேன்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. 'அவசரம்' என்று பெயர் தெரிந்தது. விழா ஏற்பாடு செய்யும் தம்பிக்கு நான் வைத்த பெயர். அவனுக்கு எல்லாமே அவசரம். மகள் கல்யாண தேதியிலேயே பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டு, ஒரு வாரமாக விடாமல் துரத்திக்கொண்டிருந்தான். சொந்த வீட்டுக் கல்யாணம் தம்பி என்று சொல்லிக் கொண்டேதான் இருந்தேன். ஆனால் 'முடியாது' என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

போனை எடுக்காமல் வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் சமையலறையில் ரேடியோவும், ஹாலில் டிவியும் ஓடிக்கொண்டிருந்தன. நான்தான் அணைக்காமல் போயிருந்தேன். வீட்டுக்குள் நுழையும்போது உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தால் ஒரு மரியாதை. மனைவி போனதிலிருந்து இதுதான் வழக்கம். மகள் கடைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துக்கொண்டு போன பிறகு, ரேடியோ சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தேன். மின்சாரக் கட்டணத்தில் இரண்டு பேர் குடித்தனம்.

மத்தியானச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். டிவியில் ஒருவர் வானிலை சொன்னார். "அப்படியா?" என்றேன். அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

போன் மறுபடி அதிர்ந்தது.

"மைக்கண்ணே! அவசரம்ணே! அழைப்பிதழ் அச்சுக்குப் போகுது. பொண்ணு வீட்டுல உங்களைத்தான் கேக்கறாங்க. நீங்க இல்லேன்னா கல்யாணமே களைகட்டாதுன்னு அந்த அம்மா சொல்லுதுண்ணே!"

"யார் சொன்னாங்க?"

"பொண்ணோட அம்மாண்ணே. உங்க பேச்சைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரிச்சாங்களாம் எங்கேயோ. அந்த மனுசன் வந்தே ஆகணும்னு ஒத்தைக்கால்ல நிக்கறாங்க. உங்க வீட்டு விசேஷம் எத்தனை மணிக்கு?"

"சாயங்காலம்."

"இதுவும் சாயங்காலம்தாண்ணே. ஒண்ணு அங்க, இல்ல இங்க. அங்க உங்களுக்கு என்னண்ணே வேலை?"

அவன் வேலையைத்தான் கேட்டான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் முள் சரியான இடத்தில் போய்க் குத்தியது.

முகம் தெரியாத ஒரு அம்மா நான் வந்தே ஆக வேண்டும் என்கிறார். முகம் தெரிந்தவர்கள் வந்தாலே போதும் என்கிறார்கள்.

"சரி தம்பி. வர்றேன். போட்டுக்கோ" என்றேன்.

"உங்க பேர் கொட்டை எழுத்துல வருதுண்ணே!" என்று வைத்துவிட்டான்.

தட்டில் சோறு ஆறிப்போயிருந்தது. ஒரு பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தி வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. வானிலைக்காரர் போய் யாரோ ஒருத்தி சமையல் குறிப்பு சொல்ல ஆரம்பித்திருந்தாள். அவளும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

குற்ற உணர்ச்சிக்குக் கடையில் மருந்து கிடைக்காது என்பதால், வார்னிஷ் டின் ஒன்று வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

சம்பந்தி வீடு பட்டறைக்குப் பின்னாலேயே. அங்கே அழைப்பு மணியை அழுத்தினால் மணி அடிக்காது. உள்ளே ஒரு பல்பு மின்னும். அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லாத அந்த மணியை அழுத்திவிட்டு நிற்பது எனக்கு எப்போதும் ஒரு மாதிரி இருக்கும். நாம் வந்ததே நமக்குத் தெரியாத மாதிரி.

சம்பந்தியம்மா கதவைத் திறந்தார். உள்ளே மேஜை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தொழிலே அதுதான் அவருக்கு. சலவைக் கடையில் இஸ்திரி. டின்னைக் கொடுத்தேன். காதைப் பிடித்துக்கொண்டு ஒரு தோப்புக்கரணம் போட்டேன். வழுக்கி விழுகிற மாதிரி நடித்தேன். சுவிட்சை அணைக்கிற என் கையை நானே அடித்துக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் நாற்காலியைக் காட்டினார். டீ கொண்டுவந்து வைத்தார். எதிரே உட்கார்ந்தார்.

பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த வீட்டில் அதுதான் வழக்கம் என்று மகள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். எதிரே ஒருவர் இருக்கும்போது பார்வையைத் திருப்பினால் 'உன் பேச்சு போதும்' என்று அர்த்தமாம். எனக்கோ, ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் பார்த்தால் உற்சாகமாக இருக்கும். ஒருவர் மட்டும் பார்த்தால் கை எங்கே வைப்பது என்று தெரியாது. என் முகத்தை இப்படி ஒருவர் நிதானமாகப் பார்த்து எத்தனை காலமாயிற்று! சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். டீயைப் பார்த்தேன். அவர் மேஜையை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். டீயில் வளையம் வந்தது. திரும்பினேன். சிரித்தேன்.

அந்த நேரம் மாப்பிள்ளை வேலை முடிந்து வந்தார். அம்மா அவரிடம் ஏதோ சொன்னார். மாப்பிள்ளை நெளிந்தார்.

"என்ன மாப்பிள்ளை சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல மாமா."

சம்பந்தியம்மா அவர் முழங்காலில் ஒரு அறை விட்டார். 'சொல்லுடா' என்பதற்கு எந்த மொழியிலும் அதுதான் சைகை.

"இல்ல மாமா... உங்களுக்குப் பல் வலியான்னு கேக்கறாங்க."

"பல் வலியா?"

"எப்பப் பாத்தாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டே இருக்கீங்களாம். வலியைப் பொறுத்துக்கற மாதிரி."

"அது சிரிப்பு மாப்பிள்ளை!"

மாப்பிள்ளை அதைக் கையால் சொன்னார். அம்மா கூர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, நம்பாத முகத்தோடு மறுபடி பேசினார்.

"அம்மா சொல்றாங்க... காலைல நாற்காலியைப் பத்தி நீங்க ஏதோ சொன்னதை அவங்களும் பாத்துட்டுத்தான் இருந்தாங்களாம். என்னன்னு அப்புறம் நான் சொன்னேன். அது கேள்வியான்னு ஆச்சரியப்பட்டாங்க. கேக்கறவர் மூஞ்சில கேள்வி இருக்கணுமே, இவர் மூஞ்சில இல்லையேங்கறாங்க. நீங்க கேக்கலையாம் மாமா. சிரிச்சீங்களாம். அதனாலதான் யாரும் பதில் சொல்லலையாம்."

எனக்கு ஒரு ஜோக் வந்தது. முதல் முறையாக அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். கசந்தது.

"மாப்பிள்ளை, நான் லைட்டை அணைச்சப்போ நீங்க நாலு பேரும் என்ன பேசிட்டிருந்தீங்க?"

மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார். "உங்க நாற்காலியைப் பத்தித்தான் மாமா."

"என்ன முடிவாச்சு?"

"முடிவாகறதுக்குள்ளதான் நீங்க..." என்று சுவிட்சைத் தட்டுகிற மாதிரி விரலை அசைத்தார்.

நான் கேட்பதற்கு முன்பே என் கேள்விக்குப் பதில் வந்துகொண்டிருந்தது. நான்தான் விளக்கை அணைத்திருக்கிறேன்.

"இப்பச் சொல்லுங்களேன்."

"நான் சொல்றது முறையில்ல மாமா. அவ வருவா. அவளையே கேளுங்க."

மகள் கடையிலிருந்து வந்தபோது வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. பட்டறையில் சம்பந்தி, காலையில் விழுந்த நாற்காலியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதன் இருக்கையில் அவருடைய கை முழுதாகப் பதிந்து காய்ந்திருந்தது; ஐந்து விரலும் தெளிவாக. எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை.

எல்லோரும் அங்கேதான் இருந்தோம். போனை எடுத்து வேலை மேஜை மேல் வைத்தேன். மகள் எதிரில் போய் நின்றேன்.

"என்னப்பா? புதுசா என்ன பண்ணி வெச்சீங்க?"

என் வலது கையைப் பார்த்தேன். வழக்கம்போல மூடியிருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். என்னைத் தொட்டுக் காட்டினேன். வட்டத்தைக் காட்டினேன். உள்ளங்கையை மேலே விரித்தேன். எனக்குத் தெரிந்த சைகை அவ்வளவுதான்.

அத்தோடு, கன்னத்தை இறக்கிவிட்டேன். கடை ஷட்டரை மெதுவாக இறக்குகிற மாதிரி. சிரிக்காமல் இருப்பது இத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. கன்னம் இரண்டும் நடுங்கின.

சம்பந்தி தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

"என்னப்பா இது" என்றாள் மகள், குரல் இறங்கி. "பாத்துக்கலாம்..." என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"நான் வேணுமாம்மா, வேணாமா?" என்றேன். மைக் இல்லாமல் என் குரல் எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் கேட்டேன்.

"வேணாம்னுதான் இருந்தேன்" என்றாள்.

சொல்லிக்கொண்டே கையாலும் சொன்னாள், பெரியவர்கள் இருவருக்கும் தெரிகிற மாதிரி.

"காலைலயும் அதைத்தான் மாமாகிட்ட சொன்னேன். எங்கப்பாவுக்கு நாற்காலி வேணாம், அவர் உட்கார மாட்டார்னு. எந்தக் கல்யாணத்துல நீங்க உட்கார்ந்திருக்கீங்க? அம்மா போன அன்னிக்குக்கூட வந்தவங்களையெல்லாம் சிரிக்க வெச்சு அனுப்புனீங்க. எல்லாரும் என்னா மனுசன்னு சொல்லிட்டுப் போனாங்க. அப்புறம் வீட்டுல நானும் நீங்களும்தான். அப்பவும் நீங்க நிறுத்தல. எதைச் சொன்னாலும் ஒரு ஜோக்கு, ஒரு கைதட்டு, போயிட்டீங்க. உங்ககூடப் பேசணும்னா டிக்கெட் வாங்கிட்டு வரணும் போல இருந்துச்சுப்பா எனக்கு."

சம்பந்தி காலால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். எல்லோரும் திரும்பினோம். அவர் என்னைக் காட்டினார். நாற்காலியைக் காட்டினார். தன் நெஞ்சில் குத்திக்கொண்டார். மாப்பிள்ளை சொல்லத் தேவையே இல்லை, எனக்கே புரிந்தது.

"மாமா ஒத்துக்கவே இல்ல" என்றாள் மகள். "நான் கேக்காமலேயே உங்களுக்குச் செஞ்சு வெச்சுட்டார். அதைத் தூக்கிட்டு வந்துதான் என்கூட சண்டை போட்டுட்டிருந்தார். உட்காராதவர்னாலும் அவருக்குன்னு ஒரு இடம் இருக்கணும்னார். அப்பத்தான் நீங்க..."

அந்த நாற்காலி என்னுடையது. அதைக் கட்டிக்கொண்டுதான் மனிதர் இருட்டில் விழுந்திருக்கிறார், நான் வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தபோது.

மேஜை மேலிருந்த போன் அதிர்ந்தது. மர மேஜை, மரத்தரை. சம்பந்தியம்மாவின் கை மேஜை மேல் இருந்தது. அவர்தான் முதலில் திரும்பினார். பிறகு எல்லோரும். திரையில் 'அவசரம்' என்று மின்னிக்கொண்டிருந்தது. இந்நேரம் அழைப்பிதழ் அச்சாகியிருக்கும். கொட்டை எழுத்தில்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். அது கவிழ்ந்தபடியே அதிர்ந்துகொண்டிருந்தது.

"இப்ப?" என்றேன் மகளிடம். "இப்ப என்னம்மா?"

அவள் கிட்டே வந்தாள். கண் பரிசோதிக்கிறவள் பார்க்கிற மாதிரி என் முகத்தை இடமும் வலமுமாகப் பார்த்தாள்.

"இப்ப வேணும்ப்பா" என்றாள். "இந்த மூஞ்சி. அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப ஒரே ஒரு தடவை பாத்தது. எனக்குப் பக்கத்துல உட்கார இந்த மூஞ்சிதான் வேணும். வேற யாரையும் அனுப்பாதீங்க."